லண்டன் நாடக டிக்கெட்: விசாவுக்கு முன்னால் வாங்கணுமா, போய் இறங்கின பிறகா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரருக்குப் போன தை மாதம் மணிவிழாச் சாந்தி முடிந்தது. மகளும் மாப்பிள்ளையும் லண்டனில் இருக்கிறார்கள், ஏழு வயதில் ஒரு பேத்தி. ஆடி மாதம் இருவரும் கிளம்பிப் போய் ஒரு மாதம் தங்கப்போகிறார்கள். விமான டிக்கெட்டை மாப்பிள்ளை எடுக்கிறார், அதனால் நாடகம் பார்க்கிற செலவாவது தன்னுடையதாக இருக்கணும் என்று ஆச்சிக்கு ஆசை. மூன்று நாடகங்களை மனசில் வைத்திருக்கிறார். பேத்திக்காக ‘லயன் கிங்’. தனக்காக ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் ஏதாவது ஒன்று, ஏனென்றால் இத்தனை வருடம் வகுப்பில் நாடகம் நடத்தினவர் அதில் ஒன்றைக்கூட மேடையில் பார்த்ததில்லை. மூன்றாவது, மகளுக்கு ரொம்பப் பிடித்த ஒரு சினிமா நடிகர் சில வாரங்கள் மட்டும் மேடையேறப் போகிற நாடகம். அதை மகளுக்குத் தெரியாமல் வாங்கி வைக்கணுமாம். வீட்டுக்காரருக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். “இங்கே வந்து வாங்கிக்கலாம்மா, பாதி விலைக்குக் கொடுக்கிற கவுன்டர் இருக்கு” என்கிறார் மகள். “இப்பவே வாங்கிடுங்க, டிக்கெட்டைக் காட்டினா விசாவும் சுலபமாக் கிடைக்கும்” என்கிறார் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர். டிராவல்ஸ் நடத்துகிற கொழுந்தன் மகன், மூன்றையும் சேர்த்துப் பேக்கேஜாக முடித்துத் தருகிறேன், இந்த வாரமே பணம் கட்டணும் என்கிறார். வீட்டுக்காரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படி ஏறுவது சிரமம். “விசா கிடைக்காமல் போனால் டிக்கெட் பணம் திரும்ப வருமா, கேன்சல் சார்ஜ் எவ்வளவு பிடிப்பார்கள், ஏமாந்துவிட்டால் நம் ஊரிலிருந்தே வழக்குப் போட முடியுமா?” இதுதான் கடிதத்தின் கடைசிக் கேள்வி.

ஆச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எப்போது வாங்குவது என்பது அதன் பதிலை வைத்துத்தான் முடிவாகும். நீங்கள் ரயில் டிக்கெட்டை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ரயிலில் கேன்சல் செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், சரி. லண்டன் நாடக அரங்குகளில் பொதுவாக அப்படிக் கிடையாது. நாடகம் நடந்தால், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் பணம் பணம்தான். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இங்கிலாந்துச் சட்டத்தில் உண்டு என்று யாராவது சொன்னால், அது பாதி உண்மை. அந்த உரிமையைத் தருகிற 2013ஆம் வருட நுகர்வோர் ஒப்பந்த விதிகளே, குறிப்பிட்ட தேதியில் நடக்கிற பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அது கிடையாது என்று விலக்கியும் வைத்திருக்கின்றன. விசா மறுக்கப்பட்டது, உடம்பு சரியில்லை, விமானம் தாமதம், இவையெல்லாம் அரங்கத்தின் பொறுப்பு இல்லை. அரங்கமே நாடகத்தை ரத்து செய்தால் மட்டும் டிக்கெட்டின் அச்சிட்ட விலை திரும்ப வரும். அப்போதும் ஏஜென்ட் தனியாக வாங்கிய புக்கிங் கட்டணம் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பயண இன்சூரன்ஸ் எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், கட்டாயம் எடுங்கள், முழங்காலுக்காகவே எடுக்கணும். ஆனால் பாலிசியில் நிகழ்ச்சி டிக்கெட்டும் சேர்ந்திருக்கிறது என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விசா மறுப்பைப் பெரும்பாலான பாலிசிகள் வெளியே தள்ளிவிடும்.

ஆக நீங்கள் வாங்கப்போவது திரும்ப வராத பணம். அந்தப் பணம் வீணாகிற வாய்ப்பு எந்த டிக்கெட்டில் குறைவோ அதை முதலில் வாங்கணும், தள்ளிப்போட்டால் கிடைக்காமல் போகிற வாய்ப்பு எதில் குறைவோ அதைக் கடைசியில் வாங்கணும். மூன்றையும் ஒரே நாளில் வாங்கித்தான் ஆகணும் என்று உங்களைச் சுற்றி எல்லோரும் பேசுவதுதான் குழப்பத்துக்கே காரணம்.

விசாவும் டிக்கெட்டும்

டீச்சர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறு. பிரிட்டிஷ் அரசே பார்வையாளர் விசாவுக்கு வெளியிட்டிருக்கிற ஆவண வழிகாட்டியில், ஓட்டல் முன்பதிவு, விமான முன்பதிவு போன்றவை முடிவெடுக்க அவ்வளவாக உதவாதவை என்ற பட்டியலில் இருக்கின்றன. விமான டிக்கெட்டுக்கே அந்த நிலை என்றால் நாடக டிக்கெட்டைக் காட்டி என்ன ஆகப்போகிறது? அதிகாரி பார்ப்பது வேறு. உங்கள் பென்ஷன் வந்து விழுகிற வங்கிக் கணக்கு, வீட்டுக்காரரின் வருமானம், செலவை யார் ஏற்கிறார்கள், முக்கியமாகப் பயணம் முடிந்து ஊர் திரும்ப உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது. வீடு, நிலம், இங்கே இருக்கிற மற்ற பிள்ளைகள், தொழில், இதையெல்லாம் தெளிவாகக் காட்டுங்கள். மகளின் அழைப்புக் கடிதமும், அவர் அங்கே என்ன தகுதியில் வசிக்கிறார் என்பதற்கான ஆதாரமும் வையுங்கள். நாடக டிக்கெட் அந்தக் கட்டில் வேண்டாம்.

பயணத் தேதிக்கு 3 மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழக்கமாக 3 வாரத்துக்குள் முடிவு வந்துவிடும், கோடை விடுமுறை நெருக்கத்தில் கூடுதலாகவும் ஆகலாம். அதனால் நாடகத்துக்காக அவசரப்படுகிற அவசரத்தை முதலில் விசாவில் காட்டுங்கள். அது எவ்வளவு சீக்கிரம் கையில் வருகிறதோ அவ்வளவு நல்ல இடமாக நாடகத்தில் உங்களுக்குக் கிடைக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பார்வையாளர் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பாது, காரணத்தைச் சரி செய்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்கத்தான் முடியும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு மறுக்கப்படக் காரணம் எதுவும் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் முடிவு வருகிற வரை அது நிச்சயம் இல்லை, நிச்சயம் இல்லாத ஒன்றை நம்பி ஐந்து பேருக்கு டிக்கெட் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

மகளுக்கான நாடகம்: இதை இப்போதே வாங்கலாம்

சினிமா நடிகர் சில வாரங்கள் மட்டும் நடிக்கிற நாடகங்கள் தனி ரகம். விற்பனை தொடங்கின சில நாட்களிலேயே நல்ல இடங்கள் போய்விடும், மிஞ்சுவது அதிக விலை இடங்களும் தூணுக்குப் பின்னால் இருக்கிற இடங்களும்தான். விசாவுக்காகக் காத்திருந்தால் இது கைவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த நாடகம் மகளுக்காக. வீட்டுக்காரருக்கு ஈடுபாடு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு டிக்கெட் போதும், மகளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. கடவுள் புண்ணியத்தில் எல்லாம் சரியாக நடந்தால் அம்மாவும் மகளும் போவீர்கள். விசா தாமதமானால் உங்கள் இடத்தில் மாப்பிள்ளை உட்காரப்போகிறார். டிக்கெட் வீணாகாது. மகள் அங்கேயே இருப்பதால் விசா பிரச்சினை இந்த ஒரு டிக்கெட்டைத் தொடவே தொடாது, அதனால்தான் விசாவுக்கு முன்னாலேயே வாங்கலாம் என்கிறேன். வாங்குகிற முன், அந்த நாடகத்தின் டிக்கெட்டில் பெயர் மாற்றக் கூடாது, வாங்கியவரே அடையாள அட்டையோடு வரணும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். கிராக்கி அதிகமான நாடகங்களில் சில சமயம் அப்படிப் போடுகிறார்கள்.

இதில் உங்கள் மனசு உடையாமல் ஒன்று சொல்லணும். நீங்கள் வாங்குவது நாடகத்துக்கான டிக்கெட், அந்த நடிகருக்கானது இல்லை. அன்றைக்கு அவருக்கு உடம்பு முடியாமல் மாற்று நடிகர் மேடையேறினால், பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தரும் கடமை அரங்கத்துக்குக் கிடையாது. சில அரங்குகள் அவர் எந்தெந்தத் தேதிகளில் நடிக்க மாட்டார் என்று முன்கூட்டியே அறிவித்துவிடும், பணம் கட்டுகிற முன் அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். டிக்கெட்டே முழுக்க விற்றுப் போயிருந்தால், யாரோ திருப்பிக் கொடுக்கிற டிக்கெட்டுகளை அன்றன்றைக்கு அரங்கத்தின் கவுன்டரிலேயே விற்பதுண்டு. ஆனால் அது மகள் போய் வரிசையில் நிற்கிற வேலை, ரகசியம் போய்விடும்.

பேத்திக்கான நாடகம்: மகள் சொல்வது பாதி சரி

லயன் கிங் லைசியம் அரங்கத்தில் 1999லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி வருடக்கணக்கில் ஓடுகிற நாடகங்களுக்கு வாரத்துக்கு எட்டு காட்சி போல நடக்கும், டிக்கெட்டே இல்லாமல் போகிற பேச்சு அபூர்வம். நம் பல்லவன் எக்ஸ்பிரஸைப் போலத்தான், பொங்கலுக்கு முந்தின நாள் தலைகீழாக நின்றாலும் இடம் கிடைக்காது, சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாவகாசமாக ஏறலாம். லண்டனில் பொங்கல் கூட்டம் என்பது வெள்ளி, சனி, அப்புறம் பள்ளி விடுமுறை. நீங்கள் போகிற நேரம் பாருங்கள், ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அங்கே பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. குழந்தைகள் நாடகம், பகல் காட்சி, சனிக்கிழமை மூன்றும் சேர்ந்தால் ஐந்து இடம் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறியிருக்கும்.

மகள் சொல்கிற கவுன்டர் உண்மைதான். லெஸ்டர் சதுக்கத்தில் டிகேடிஎஸ் என்று ஒரு கூண்டு இருக்கிறது, லண்டன் அரங்குகளின் சங்கமே நடத்துவது, அன்றைக்கும் அடுத்த சில நாட்களுக்கும் மிஞ்சியிருக்கிற டிக்கெட்டுகளைத் தள்ளுபடியில் தருவார்கள். நம்பிக்கையான இடம். ஆனால் எல்லா நாடகமும் அங்கே வராது, வருகிறதெல்லாம் பாதி விலையும் இல்லை. இரண்டு பேர் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஐந்து பேர், அதில் ஒரு குழந்தை, ஒருவருக்கு முழங்கால் வலி, இப்படி ஒரு குடும்பம் அன்றன்றைக்கு மிஞ்சினதை நம்பிப் போகக் கூடாது.

நான் சொல்கிற நேரம் இது. விசா கையில் வந்த அன்றே வாங்குங்கள், வார நாளின் பகல் காட்சியாகப் பாருங்கள். அதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோடையிலும் அதே அரங்குச் சங்கம் ‘கிட்ஸ் வீக்’ என்று ஒரு சலுகை நடத்துகிறது. பெயரில்தான் வாரம், ஆகஸ்ட் மாதத்தைச் சுற்றி வாரக்கணக்கில் நடக்கும். முழு விலை டிக்கெட் வாங்குகிற பெரியவர் ஒருவருக்கு ஒரு குழந்தை இலவசம். எந்தெந்த நாடகங்கள் சேர்ந்திருக்கின்றன, எந்தத் தேதிகள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதன் விற்பனை கோடைக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும். உங்கள் விசா முடிவும் ஏறக்குறைய அதே சமயம்தான் வரும். அந்தப் பட்டியலில் நீங்கள் விரும்புகிற நாடகம் இருந்தால் பேத்தியின் டிக்கெட் மிச்சம், இல்லாவிட்டால் அன்றைக்கே சாதாரண விலையில் வாங்கிவிடுங்கள், சலுகைக்காக இன்னும் காத்திருக்க வேண்டாம்.

முழங்காலை முன்னால் வையுங்கள்

உங்கள் கடிதத்தில் நாடகங்களைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, வீட்டுக்காரரின் முழங்காலைப் பற்றி ஒரு வரி. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவதற்கு இருக்கிற பெரிய காரணமே அந்த ஒரு வரிதான்.

லண்டனின் பழைய அரங்குகளில் பல, நூறு வருடத்துக்கும் முன்னால் கட்டியவை. மேல் மாடங்கள் செங்குத்தாக ஏறும், படி குறுகல், கால் நீட்ட இடம் போதாது, பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. ‘ஸ்டால்ஸ்’ என்பது மேடைக்கு எதிரே இருக்கிற கீழ்த்தளம், ‘டிரஸ் சர்க்கிள்’ அதற்கு மேல் மாடம், ‘அப்பர் சர்க்கிள்’ அதற்கும் மேலே, அப்புறம் ‘பால்கனி’. பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, சில அரங்குகளில் தெருவிலிருந்து நேராக நுழைகிற தளம் டிரஸ் சர்க்கிளாக இருக்கும், ஸ்டால்ஸுக்குப் போகப் படி இறங்கணும். எந்த இடத்துக்குப் படி இல்லாமல் போகலாம் என்று ஒவ்வொரு அரங்கமும் தன் இணையதளத்தில் சொல்லியிருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் தனித் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். அதில் எழுதிக் கேளுங்கள், நேராகப் பதில் சொல்வார்கள். பல அரங்குகளில் இப்படிப்பட்டவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் விலைச் சலுகை உண்டு, அதற்கு என்ன ஆதாரம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை எடுத்துப் போவது நல்லது. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த மாதிரி இடங்கள் ஓர் அரங்கில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நாடகத்துக்கு டிக்கெட் கடைசி நாள் வரை இருக்கும், வழியோர இருக்கை இருக்காது.

இன்னொரு சங்கதி, இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. கோடையில் லண்டன் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு ஏழரைக்கு நாடகம் தொடங்கும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு 12 மணி. முடியும்போது இரண்டு, இரண்டரை. போய் இறங்கின முதல் சில நாட்களில் இரவுக் காட்சிக்கு வாங்கினால், அவ்வளவு பணம் கொடுத்து நாற்காலியில் தூங்கத்தான் போகிறீர்கள். முதல் வாரத்தில் பகல் காட்சி மட்டும், அதுவும் இறங்கின நாளிலும் மறுநாளிலும் எதுவும் வேண்டாம். விமானம் தாமதமானாலும் தாங்கும். தாமதமாகப் போனால் தகுந்த இடைவெளி வருகிற வரை உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாடகம்

குளோப் அரங்கம் ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கத்துக்குத் தேம்ஸ் நதியின் தென்கரையில் 1997இல் திறந்த மறு உருவாக்கம், நடுவில் கூரை இல்லாத வட்ட வடிவம். மேடைக்கு முன்னால் திறந்தவெளியில் நின்று பார்க்கிற டிக்கெட் ஒரு காட்சிக்கு 700 வரை இருக்கும், மற்ற இடங்களோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. அங்கே உட்கார அனுமதி இல்லை, மழை பெய்தாலும் நாடகம் நடக்கும், குடை பிடிக்கக் கூடாது. சுற்றியுள்ள மாடங்களில் மர பெஞ்சுகள், பெரும்பாலும் சாய்மானம் இருக்காது, வாடகைக்குத் திண்டு தருவார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, கொப்புடையம்மன் திருவிழாவில் பாய் விரித்து விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்த சின்ன வயதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்களே, மேடைக்குப் பக்கத்தில், நடிகர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிற தூரத்தில் நிற்பது உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். இரண்டரை, மூன்று மணி நேரம் நிற்கத் தெம்பு இருந்தால் ஒரு முறை அப்படிப் பாருங்கள். ஆனால் வீட்டுக்காரரும் வருகிறார் என்றால் கீழ் மாடத்தில், முடிந்தால் சுவரில் சாயக்கூடிய கடைசி வரிசை பெஞ்சில் இடம் வாங்குங்கள். விசா வந்ததும் லயன் கிங்குக்கு முன்னால் இதை வாங்கணும். இங்கே ஒரே நாடகம் வருடக்கணக்கில் ஓடுவதில்லை, நீங்கள் இருக்கிற ஒரு மாதத்தில் உங்களுக்குப் பிடித்த நாடகம் சில நாட்கள்தான் வரும். சாய்மான இடங்கள் முதலில் போகும். நிற்கிற டிக்கெட் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும், அதை அங்கே போய் வானத்தைப் பார்த்துக்கூட முடிவு செய்யலாம்.

கொழுந்தன் மகனின் பேக்கேஜ்

உறவுக்காரர், அதனால் பக்குவமாகத்தான் கேட்கணும், ஆனால் கேட்டுத்தான் ஆகணும். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

- எந்த நாடகம், எந்த அரங்கம், எந்தத் தேதி, எத்தனை மணிக் காட்சி?
- எந்தத் தளம், எந்த வரிசை, எந்த எண் இருக்கை?
- டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிற விலை எவ்வளவு, தம்பியின் கட்டணம் எவ்வளவு?
- அரங்கத்திடமிருந்து நேராக வாங்குகிறாரா, வேறு யாரிடமிருந்தாவதா?

இதற்குப் பதில் இருந்தால் அவர் கையில் டிக்கெட் இருக்கிறது, அல்லது வாங்கத் தெரிகிறது என்று அர்த்தம். “அதெல்லாம் பார்த்துக்கலாம் ஆச்சி, முதல்ல பணத்தைப் போடுங்க” என்றால், பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு எங்காவது மலிவாகக் கிடைக்கிறதா என்று தேடப்போகிறார். அது ஏமாற்று இல்லைதான், ஆனால் அதன் ரிஸ்க் முழுக்க உங்களுடையது. மூன்று நாடகத்துக்கும் ஒட்டுமொத்தமாக ஒரு தொகை சொல்லியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கிலாந்தில் மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் விற்பவர், இருக்கை விவரமும் அச்சிட்ட விலையும் சொல்லியாகணும் என்று 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்த அளவு வெளிப்படையை நம் தம்பியிடம் எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை. அனுமதியில்லாமல் மறுவிற்பனை ஆன டிக்கெட்டைச் செல்லாது என்று சொல்லி வாசலில் நிறுத்தவும் அரங்கத்துக்கு உரிமை உண்டு.

இனி வழக்கு பற்றி. உள்ளூர் டிராவல்ஸிடம் வாங்கி, சொன்ன டிக்கெட் வராவிட்டால், 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தரணும், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியே பல விஷயங்கள் முடிந்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். கடையின் பெயரில் பில், கடையின் கணக்குக்குப் பணம், அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபேயில் போடாதீர்கள். சொந்தக்காரரிடம் பில் கேட்பதா என்று கூச்சப்பட்டு, பின்னால் உறவும் போய்ப் பணமும் போய் என்னிடம் வந்து உட்கார்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதலிலேயே பில் கேட்டால் ஒரு நிமிஷச் சங்கடம், அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கிற அரங்கத்தின் மேலோ ஏஜென்ட்டின் மேலோ என்றால், இங்கே புகார் எழுதிக் கொடுக்கலாம், உத்தரவுகூட வாங்கலாம், ஆனால் அதை அங்கே நிறைவேற்றி அந்தச் சிறு தொகையை வசூலிப்பது நடைமுறையில் நடக்காத காரியம். அதனால் பாதுகாப்பை வாங்குகிற நேரத்திலேயே தேடிக்கொள்ளணும். தேடும்போது முதலில் வருகிற விளம்பரத்தைத் தொடாமல் அரங்கத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். ஏஜென்ட்தான் என்றால் அங்கே டிக்கெட் விற்பனையாளர்களுக்கு ‘ஸ்டார்’ என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதன் உறுப்பினரா என்று சங்கத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு டிக்கெட் என்று வருவதைப் பார்க்கவே வேண்டாம். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அன்றைக்கே கூப்பிட்டால்தான் பணம் நகர்வதைத் தடுக்க வாய்ப்பு.

யாருடைய கார்டு

இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கும். சட்டப்படி பார்த்தால், மாப்பிள்ளையின் இங்கிலாந்து கிரெடிட் கார்டில் வாங்குவதே நல்லது. அங்கே 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் சொன்னபடி தராவிட்டால், கார்டு கொடுத்த நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. ஒரு டிக்கெட்டின் விலையே 100 பவுண்டைத் தாண்டணும் என்பதையும், நடுவில் ஏஜென்ட் புகுந்தால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம் என்பதையும் மறக்காதீர்கள். அதற்குக் குறைந்த டிக்கெட்டுக்கும் கார்டு நிறுவனத்திடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது விற்றவரிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்கித் தரும்படி, கேட்கலாம், நம் ஊர் கார்டிலும் அது உண்டு. நீங்கள் மனம் மாறிப் போகாமல் இருந்ததற்கு இது எதுவும் உதவாது, விற்றவர் தவறினால் மட்டும்தான்.

நம் ஊர் கார்டில் வாங்கினால் பெரும்பாலும் 2லிருந்து 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை நீங்களே திறந்து விட்டிருக்கணும், 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். ரூபாயில் கட்டுகிறீர்களா, பவுண்டிலா என்று தளம் கேட்டால் பவுண்டைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள்.

மகள் வீட்டில் தங்கிக்கொண்டு நாடகத்துக்கும் மாப்பிள்ளை பணம் கட்டுவதா என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் வெறும் கையோடு போய் நிற்க யாருக்கும் மனசு வராது. அதனால் இப்படிச் செய்யுங்கள். குளோப்பையும் லயன் கிங்கையும் மாப்பிள்ளை தன் கார்டில் எடுக்கட்டும், நீங்கள் கொண்டு போகிற பவுண்டில் அந்தத் தொகையை, வெற்றிலை பாக்கோடு வேண்டுமானாலும், அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மகளுக்கான அந்த இரண்டு டிக்கெட்டை மட்டும் உங்கள் கார்டிலேயே இங்கிருந்து வாங்குங்கள், கட்டணம் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

அப்புறம், ரகசியம் என்றாலும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தேதியை எடுக்கணும். அன்றைக்கு மகளுக்கு அலுவலக வேலை எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேறு வழி இல்லை, நீங்கள் போக முடியாமல் போனால் அந்த இருக்கையில் உட்காரப்போகிறவரும் அவர்தான். பேத்தியிடம் மட்டும் சொல்லாதீர்கள்.